பொக்லைன் திங்கட்கிழமை வருகிறது. அதற்கு முன் தோட்டத்துக்கு வரைபடம் போடத்தான் வேண்டுமா?

செம்மண் எழுதியது:

வணக்கம். வீடு கட்டி முடித்து இரண்டு மாதம் ஆகிறது. சுற்றியுள்ள நிலத்தில் இனிதான் கை வைக்க வேண்டும். முன்பக்கம் 30க்கு 18 அடி, மேற்குப் பார்த்தது. பின்பக்கம் 40க்கு 25 அடி. இடப்பக்கம் 5 அடி அகலச் சந்து, வலப்பக்கம் கார் நிறுத்தும் இடம். பின்மூலையில் ஒரு பெரிய வேப்பமரம் இருக்கிறது. கட்டட வேலை நடந்த ஒரு வருடமும் அதை எப்படியோ காப்பாற்றிவிட்டோம். மற்ற இடமெல்லாம் உடைந்த செங்கல்லும் சிமென்ட் கட்டியுமாகக் கிடக்கிறது.

பொக்லைன் திங்கட்கிழமை வருகிறது. தரையைச் சமப்படுத்தி, மேலே செம்மண் கொட்டி, அந்த வாரமே புல்லும் விரித்துவிடலாம் என்று இருக்கிறேன். ஆசையில் 40 செடிகளுக்கு மேல் வாங்கியும் வைத்துவிட்டேன். மனைவிதான் "முதலில் ஒரு தாளில் வரைந்து பார்ப்போம்" என்கிறாள். எனக்கோ, சின்ன இடம்தானே, வைத்துப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்வோம் என்று தோன்றுகிறது.

இவ்வளவு சிறிய இடத்துக்கு வரைபடம் அவசியமா? அவசியம் என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்? எந்தச் செடி எங்கே என்று குறித்தால் போதுமா?

மழைக்குறிப்பு எழுதியது:

தம்பி, அந்த வண்டியை முதலில் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. நான் ஒரே நிலத்தில் இரண்டு முறை தோட்டம் போட்டவள். அதில் முதல் முறை நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையதும் சின்ன இடம்தான். தரை ஒரே மட்டமாக இருந்தால் அழகு என்று நினைத்து, பின்வாசலிலிருந்து வேலி வரை நிரவச் சொன்னேன். சொன்னபடியே செய்துகொடுத்தார்கள். உடனே நடைபாதைக்குக் கல் பதித்தோம், இரண்டு பக்கமும் பாத்தி கட்டினோம், புல் போட்டோம். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அஸ்திவாரக் குழியில் திரும்பக் கொட்டி மூடிய மண் இளகலாகவே இருக்கும், நாலு மழை பெய்தால் அமுங்கிவிடும் என்று எனக்குத் தெரியாது. சுவரோரம் மூன்று விரல் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. மட்டமாக இருந்த தரை இப்போது வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அடுத்த பெருமழையில் தண்ணீர் பின்வாசல் நிலை வரை வந்து நின்றது. இரவு 2 மணிக்கு நானும் மாமியாரும் வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, சுவரோரம் மண் போட்டு உயர்த்திவிட்டால் தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் மண்ணை உயர்த்த வேண்டும் என்றால் நடைபாதையைப் பெயர்க்க வேண்டும். பாதைக்கல்தான் பாத்திக்கு வரம்பு, அதனால் பாத்தி கலைந்தது. பெயர்த்த கல்லை அடுக்கி வைக்க இடமில்லாமல் புல்தரை மேல் வைத்தோம், புல்லும் போயிற்று. எதைத் தொட்டாலும் அதன் மேல் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது: நாம் ஆசைப்படுவதெல்லாம் மேலே தெரிகிற பூவுக்கும் புல்லுக்கும், வேலையோ அடியிலிருந்து தொடங்குகிறது. "பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்வோம்" என்பது தொட்டிச் செடிக்குச் சரி. சரிவுக்கும் குழாய்க்கும் மரத்துக்கும் அது பொருந்தாது.

அதனால் உங்கள் வரைபடத்தில் செடியைக் கடைசியில் வரையுங்கள். முதலில் தண்ணீரை வரையுங்கள்.

நான் இரண்டாம் முறை செய்தது இதுதான். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் 1 அடி என்று வைத்துக்கொண்டு, வீட்டின் வெளிச்சுவர், வாசல், ஜன்னல், கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய், செப்டிக் டேங்க், சேம்பர் மூடி, தண்ணீர்த் தொட்டி, மின்சார ஒயர் போகும் வழி எல்லாவற்றையும் அளந்து குறித்தேன். நிலத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தாலும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் நிலம் மூலைமட்டத்தில் இல்லை, அதாவது மூலைகள் செங்கோணமாக இல்லை என்று பொருள். பிறகு நேர்க்கோட்டில் கல் பதிக்கும்போது ஒரு பக்கம் இடித்துக்கொண்டு நிற்கும். உங்கள் வேப்பமரத்தைக் குறிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வீட்டின் ஒரு மூலையிலிருந்து மரம் வரை அளந்துகொள்ளுங்கள், இன்னொரு மூலையிலிருந்தும் அளந்துகொள்ளுங்கள். தாளில் அந்த இரண்டு மூலைகளிலும் கவராயத்தை வைத்து அந்தந்த அளவுக்கு வில் போட்டால், இரண்டும் வெட்டும் புள்ளியில்தான் மரம். விளக்குக் கம்பம், பழைய கிணறு எதுவானாலும் இப்படியே குறிக்கலாம்.

இந்தத் தாளை நாலைந்து நகல் எடுத்துக்கொண்டேன். ஒன்று மழைக்கு. நல்ல மழை பெய்த அன்று குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்று, எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று அம்புக்குறி போட்டேன். மழை இல்லாத நாளில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டும் ஓரளவு பார்க்கலாம். கூரைத் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே 930 லிட்டர் அளவுக்குக் குழாய் வழியாக இறங்கிவிடும். அது எந்தப் பாத்தியில் விழப்போகிறது என்று செடி வைக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

சரிவுக்கு நான் பிடித்துக்கொண்ட கணக்கு: மண்தரை என்றால் சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் இறங்க வேண்டும். கல் பதித்த தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் போதும். கண்ணால் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரியான நீளக் குழாய். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் அரை நாளில் மொத்த நிலத்தின் மட்டமும் தெரிந்துவிடும்.

இன்னொரு நகல் வெயிலுக்கு. காலை 9, நண்பகல், மாலை 4 மணிக்கு நிழல் எதுவரை விழுகிறது என்று கோடு போடுங்கள். மேற்குப் பார்த்த முன்பக்கம் உங்களுடையது. அங்கே சுவரும் தளமும் மாலை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டிய பிறகும் சுடும். மென்மையான இலைச் செடிகளை அங்கே வைத்தால் கருகும். ஒரு நாள் பார்த்த நிழலை ஆண்டு முழுவதற்கும் நம்பிவிட வேண்டாம். ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் நண்பகல் சூரியன் 47 டிகிரி வடக்கும் தெற்குமாக நகர்ந்துவிடும். இன்று நிழலில் இருக்கும் சுவரோரம் ஆறு மாதம் கழித்து வெயிலில் காயலாம்.

அப்புறம், நடக்கும் வழி. இதற்குத் தாள்கூட வேண்டாம். ஹோஸ் பைப்பையோ கயிற்றையோ தரையில் போட்டு "இதுதான் பாதை, இதுதான் பாத்தி" என்று நாலைந்து நாள் விட்டுவிடுங்கள். துணி உலர்த்தப் போகிறவர், குப்பை கொட்டப் போகிறவர், சைக்கிள் தள்ளிக்கொண்டு வருகிறவர் எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். நான் முதல் முறை 2 அடி அகலத்தில் பாதை போட்டேன். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது, தள்ளுவண்டி போகவே இல்லை. ஒருவர் தாராளமாக நடக்க 3 அடி வேண்டும், இருவர் பேசிக்கொண்டு நடக்க 4 முதல் 5 அடி.

நீளமாக எழுதிவிட்டேன். உங்களுக்கு இன்னும் ஒரு கல்கூடப் பதியவில்லை, அதை நினைத்து எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

பைப்லைன் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய் வேலை செய்கிறவன் நான். புதிதாகப் போட்ட நடைபாதையை உடைக்கத்தான் பலர் என்னைக் கூப்பிடுகிறார்கள். பாதைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வேண்டும், விளக்கு வேண்டும் என்று கல் பதித்த பிறகுதான் நினைவு வருகிறது.

பாதை, கார் நிறுத்துமிடம் இரண்டுக்கும் கல் பதிக்கும் முன்னால் அடியில் குறுக்காக வெறும் பிவிசி குழாய்களைப் புதைத்து, இரண்டு முனையையும் மூடி வைத்துவிடுங்கள். தண்ணீருக்கு ஒன்று, மின்சாரத்துக்குத் தனியாக ஒன்று. இன்றைக்குத் தேவையில்லை என்றாலும் போடுங்கள். பத்து வருடம் கழித்து எது தேவைப்பட்டாலும் அதற்குள் நுழைத்துவிடலாம். மண்ணைத் தள்ளி மூடும் முன், பள்ளத்தின் பக்கத்தில் அளவு டேப்பை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து எத்தனை அடி என்று படத்தில் தெரிய வேண்டும். வரைபடத்தின் பின்னாலேயே அதை ஒட்டி வையுங்கள்.

குழாய் முனை எங்கே இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். கடைசிப் பாத்தி வரை ஹோஸ் எட்டாவிட்டால், எட்டாத இடத்துச் செடிதான் முதலில் காயும். வேலை வரிசையும் முக்கியம். குப்பையை அகற்றுவது, சரிவு, வடிகால், குழாய், ஒயர், கல் வேலை, மண்ணைப் பண்படுத்துவது, மரம், செடி என்று வந்து கடைசியில்தான் புல். நீங்கள் முதல் வாரமே புல் என்கிறீர்கள். அதன் மேல் எத்தனை பேர் சிமென்ட் மூட்டையோடு நடக்கப்போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நிழல்மரம் எழுதியது:

அந்த வேப்பமரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரு வருடம் காப்பாற்றிய மரத்தைச் சமப்படுத்தும் ஒரே நாளில் கெடுத்துவிட முடியும்.

மரத்தின் வேர் ஆழமாகக் கீழே போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் 2 அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. கிளை விரிந்திருக்கும் அளவையும் தாண்டி வெளியே பரவியிருக்கும். அதன் மேல் கனமான வண்டி ஏறினால் மண் இறுகி வேருக்குக் காற்று போகாது. அரை அடி செம்மண்ணை மேலே கொட்டினாலும் அதே கதிதான். மரம் உடனே காட்டாது. இரண்டு மூன்று வருடம் கழித்து உச்சிக் கிளை காயத் தொடங்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே வண்டி வரும் முன், கிளைநுனிக்கு நேர் கீழே தரையில் ஒரு வட்டம் போட்டு, குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். வட்டத்துக்குள் வண்டியும் வேண்டாம், மண் கொட்டலும் வேண்டாம், சிமென்ட் கலவையும் வேண்டாம். வரைபடத்திலும் அந்த வட்டம் இருக்கட்டும்.

புதிதாக வைக்கும் மரங்களுக்கும் இதே வட்டம்தான். கன்று இருக்கும் அளவுக்கு வரையாதீர்கள், முழு வளர்ச்சியில் எவ்வளவு விரியுமோ அவ்வளவுக்கு வரையுங்கள். 20 அடி விரியும் மரத்தைச் சுவரிலிருந்து 4 அடியில் வைத்தால், பத்து வருடம் அன்பாக வளர்த்து ஒரு நாள் வெட்ட வேண்டி வரும். எனக்கு அப்படி ஒரு மரம் இருந்தது, இன்னமும் மனம் ஆறவில்லை. வட்டங்களுக்கு இடையே காலியாகத் தெரியும் இடத்தில் நாலைந்து வருடத்துக்குச் சிறு பூச்செடிகளைப் போட்டுக்கொள்ளலாம்.

செம்மண் கொட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடி இறுகிய தரையின் மேல் புது மண்ணைப் பரப்பினால் இரண்டும் சேராது. தண்ணீர் புது மண்ணில் இறங்கி, இறுகிய அடுக்கில் தட்டி நிற்கும். கீழ்மண்ணை அரை அடியாவது கொத்திக் கிளறி, புது மண்ணை அதோடு கலந்து, பிறகு மிச்சத்தைப் போடுங்கள். அதற்கும் முன்னால், நடப்போகும் இடங்களில் 1 அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 1 முதல் 3 அங்குலம் என்றால் நல்லது. அதற்கும் குறைவென்றால் அங்கே ஏதோ தடுக்கிறது.

முற்றம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை. நான் ஒன்றரை வருடம் வரைந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு பூச்செடிக்கும் இடம் குறித்து, அழித்து, மறுபடி குறித்து. அந்த ஒன்றரை வருடத்தில் மரக்கன்றுகளாவது வைத்திருந்தால் இன்று ஆளுயரம் வளர்ந்திருக்கும். சரிவு, குழாய், பாதை, மரம் இவற்றை மட்டும் உறுதியாக முடிவு செய்யுங்கள். பூப்பாத்திக்குள் என்ன வரும் என்பதைத் திறந்தே விடுங்கள். மண்ணில் கை வைத்த பிறகுதான் சில விஷயங்கள் தெரியவரும்.

தாளில் மேலிருந்து பார்த்த படத்தைப் புரிந்துகொள்ள வீட்டில் எல்லாராலும் முடியாது. எங்கள் வீட்டிலும் அதுதான் சிக்கலாக இருந்தது. ஹம்ஃப்ரி ரெப்டன் (1752–1818) என்று இங்கிலாந்தில் ஒரு தோட்ட வடிவமைப்பாளர் இருந்தார். நிலம் இப்போது இருக்கும் தோற்றத்தை வண்ணத்தில் வரைந்து ஒரு மடிப்பாக ஒட்டியிருப்பார். மடிப்பைத் தூக்கினால் அதே இடம் மாற்றிய பிறகு எப்படி இருக்கும் என்று தெரியும். அதைப் படித்த பிறகு நானும், சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியைப் படம் எடுத்து அச்சிட்டு, மேலே மெல்லிய டிரேசிங் தாளை வைத்து மரத்தையும் பாதையையும் பென்சிலால் வரைந்தேன். அப்பா பார்த்தவுடனே "இந்த மரம் கேட்டை மறைக்குமே" என்றார். ஒன்றரை வருடம் மேலிருந்து பார்த்தும் என் கண்ணில் அது படவில்லை. நாம் தோட்டத்தை அதிக நேரம் பார்ப்பது வீட்டுக்குள்ளிருந்துதான், ஜன்னல்களை மறந்துவிடாதீர்கள்.

மழைக்குறிப்பு எழுதியது:

முற்றம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பூப்பாத்தியை நானும் இன்றுவரை வரைந்ததில்லை, அது கை போன போக்கில்தான் வரும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செம்மண் எழுதியது:

ஒன்பது நாள் ஆகிறது. எல்லாருக்கும் நன்றி. வண்டியை நிறுத்திவைத்தேன். வாங்கிய செடிகள் வேம்பின் நிழலில் தொட்டியிலேயே இருக்கின்றன, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

நிழல்மரம் சொன்ன குழிச் சோதனையை நாலு இடத்தில் செய்தேன். பின்பக்கம் இரண்டு குழியிலும் மணிக்கு 2 அங்குலம் இறங்கியது. முன்பக்கம் ஒரு குழி பரவாயில்லை. வாசலுக்கு வலப்புறம் எடுத்த குழியில் மறுநாள் காலையிலும் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. கடப்பாரையால் குத்தினால் டங் என்று சத்தம். தோண்டிப் பார்த்தோம். கட்டும்போது கலவை போட்ட இடம் அது. மேலே மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். 8 அடிக்கு 6 அடி, நாலு விரல் கனத்தில் சிமென்ட் பாளம். அதற்கு நேர் மேலேதான் முன்பக்கத்து மரத்தை வைப்பதாக இருந்தேன். செம்மண்ணும் புல்லும் போட்டிருந்தால் அது அங்கே இருப்பதே தெரிந்திருக்காது.

பாதைக்கு ஹோஸ் பைப்பை அழகாக வளைத்துப் போட்டேன். முதல் நாளே அம்மா அதைத் தாண்டிக் குறுக்கே நடந்து துணிக்கொடிக்குப் போனார். பிள்ளைகளும் அப்படியே. நாலாம் நாள் மண்ணில் கால்தடம் ஒரு கோடாகவே விழுந்துவிட்டது, பாதையை அங்கேயே மாற்றிவிட்டோம். வரைபடத்தை மனைவிதான் வரைந்தாள். வேம்புக்கு 15 அடி ஆரத்தில் வட்டம், கயிறும் கட்டியாகிவிட்டது.

ஒரு இடத்தில்தான் தடுமாறுகிறோம். கூரைக் குழாய் மூன்றுமே அந்த 5 அடிச் சந்தில்தான் இறங்குகின்றன. சந்தின் நீளம் 40 அடி. அங்கே கல் பதித்துத் தண்ணீரை முன்பக்கம் கொண்டுபோகலாம் என்று பார்த்தால், அடிக்குக் கால் அங்குலம் வீதம் 10 அங்குலம் இறங்க வேண்டும். டியூப் லெவல் வைத்துப் பார்த்ததில் சந்தின் பின்முனையைவிட முன்முனை 2 அங்குலம்தான் தாழ்வு. என்ன செய்வது?

மழைக்குறிப்பு எழுதியது:

மொத்தத் தண்ணீரையும் ஒரே பக்கம் தள்ள வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? சந்தின் நடுவை மேடாக வைத்து இரண்டு பக்கமும் பிரித்துவிடுங்கள். அப்போது ஒவ்வொரு பக்கமும் 20 அடிதான், 5 அங்குலம் இறங்கினால் போதும். நடுமேடு வீட்டுத் தளத்தைவிடவும் சுவரின் ஈரத்தடுப்பு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் இருக்கப் போடும் அடுக்கு) மட்டத்தைவிடவும் நன்றாகத் தாழ்ந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். சந்தின் குறுக்கிலும் வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு சுவரை நோக்கி ஓர் அங்குலம் சாய்த்து, காம்பவுண்டு ஓரமாக வாய்க்கால் விடுங்கள். பின்பக்கம் வரும் தண்ணீரை வேம்பின் அடிமரத்தில் தேங்கவிடாமல் புல்தரைப் பக்கம் திருப்புங்கள்.

வேம்பு எந்தப் பின்மூலை என்று சொல்லவில்லையே, சந்துப் பக்கமா, கார்ப் பக்கமா?

செம்மண் எழுதியது:

கார்ப் பக்கம், அக்கா. சந்துக்கு எதிர்மூலை. அளந்து பார்த்தேன், நடுவில் மேடு வைத்தாலும் வீட்டுத் தளம் 14 அங்குலம் உயரத்தில் இருக்கிறது, ஈரத்தடுப்பும் அந்த மட்டத்தில்தான். வண்டியை வியாழக்கிழமைக்குச் சொல்லிவிட்டேன். முதல் வேலை அந்தச் சிமென்ட் பாளத்தைப் பெயர்ப்பது.